ஒரு போன், நான்கு பிள்ளைகள்: ஊரடங்குக் கால ஓவிய வகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஏப்ரல் கடைசியில் தொடங்கி 2021 அக்டோபர் வரை, சென்னையின் தென்கோடியில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் இருக்கும் குழந்தைகளுக்கு நாங்கள் ஆறு பேர் போன் வழியாக ஓவிய வகுப்பு நடத்தினோம். எங்களுக்குச் சங்கம், அறக்கட்டளை எதுவும் கிடையாது. ஒருவர் கல்லூரி மாணவி, ஒருவர் விளம்பரப் பலகை எழுதுபவர், நான் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்கிறவள். இதை எப்படி நடத்தினீர்கள் என்று இன்னமும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் தட்டச்சு செய்து விரல் வலிப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சாப்பாட்டுக்கே திண்டாடுகிற வீட்டில் போய் ஓவியமா?

இதை முதலில் கேட்டது என் அம்மா. நியாயமான கேள்விதான். நாங்களும் ஓவியத்தில் தொடங்கவில்லை, அரிசியில்தான் தொடங்கினோம். அந்த ஏப்ரலில் அரசு குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும், ரேஷனில் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தது. அது பத்தாத வீடுகளுக்கு மளிகைப் பை கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் நாங்களும் இருந்தோம். பை வாங்க வந்த பெண்களிடம் "வேற என்னக்கா வேணும்?" என்று கேட்டால், மருந்து, கேஸ் என்று சொன்னவர்களுக்குச் சமமாக இன்னொரு பதிலும் வந்தது: "இதுங்களை உள்ள வச்சுக்கிட்டு முடியல மா."

அந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு அறை, ஒரு மின்விசிறி, ஐந்தாறு பேர். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவை அடுக்குமாடிக் குடியிருப்புகள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டன, பெயின்ட் அடிக்கப் போகும் அப்பாவுக்கும் வேலை இல்லை. எல்லாரும் அந்த ஒரே அறையில். பிள்ளை ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து எதையாவது கிறுக்கினால் வீட்டில் மற்றவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். இதுதான் எங்கள் திட்டத்தின் மொத்தத் தத்துவம். ஓவியம் மனக்காயத்தை ஆற்றியது என்றெல்லாம் நான் எழுத மாட்டேன், அளந்து பார்த்தது கிடையாது.

ஏன் குறிப்பாக அந்த இடம்?

எங்களில் ஒருவர் அங்கே வளர்ந்தவர். அவ்வளவுதான் காரணம். 2000 வாக்கில் இருந்து, நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடிசைகளை அகற்றி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய்க் குடிவைத்த ஊர்கள் இவை.

இன்னொன்றும் உண்டு. ஊரடங்குக்குச் சற்று முன்னால், 2020 தொடக்கத்தில்தான் கண்ணகி நகர்க் கட்டடச் சுவர்களில் 'ஸ்டார்ட் இந்தியா' அறக்கட்டளையின் ஏற்பாட்டில் மாடி உயரத்துக்குப் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. சாரத்தில் நின்று வரைவதைக் குழந்தைகள் அண்ணாந்து பார்த்திருந்தார்கள். "இவ்ளோ பெரிய மூஞ்சி வரைய எத்தனை பென்சில் வேணும்?" என்று ஒரு பொடியன் கேட்டது நினைவிருக்கிறது. புதிதாக ஆர்வம் மூட்ட வேண்டிய வேலை எங்களுக்கு இருக்கவில்லை.

எந்தச் செயலியில் நடத்தினீர்கள்? ஸூமா?

முதல் மூன்று வாரம் ஸூம். அதைப் பற்றிப் பேசவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். முதல் ஞாயிறு வந்தவர்கள் ஏழு பேர். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் இணைப்பு தானாக அறுந்துவிடும். அதில் 25 நிமிடம் "கேக்குதா மிஸ்?", "தெரியுதா மிஸ்?" என்பதிலேயே போனது. ஒருவர் வீட்டில் குக்கர் விசில், இன்னொருவர் வீட்டில் தொலைக்காட்சித் தொடர். ஒரு சிறுமி கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள், வகுப்பு முழுக்க நாங்கள் பார்த்தது ஓடாத ஒரு மின்விசிறியை. அவளுக்கு வீட்டைக் காட்ட விருப்பமில்லை என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கேமராவைப் போடு, போடு என்று நான்கு முறை சொல்லியிருந்தேன்.

பாதுகாப்புப் பயமும் சேர்ந்துகொண்டது. அழைக்காதவர்கள் கூட்டத்தில் நுழைந்து ஆபாசம் காட்டுவது உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்த மாதம் அது. ஏப்ரல் 16 அன்று மத்திய உள்துறை அமைச்சகமே அந்தச் செயலி பாதுகாப்பானதல்ல என்று அறிவுறுத்தல் வெளியிட்டது. ஸூம் நிறுவனம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்பாகவே வரும்படி மாற்றியிருந்தது உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தில் கடவுச்சொல் தட்டத் தெரியாத பாட்டியின் கையில் போன் இருக்கும்போது அந்தப் பூட்டு திருடனை விட்டுவிட்டுப் பிள்ளையைத்தான் வெளியே நிறுத்தியது.

நான்காவது வாரம் வாட்ஸ்அப் குரல் பதிவுக்கு மாறினோம். நேரலை கிடையாது, வீடியோ கிடையாது. ஒரு குரல் பதிவு, ஒரு புகைப்படம். கடைசி வரை அதுதான் ஓடியது.

வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா கையில். எப்படிச் சமாளித்தீர்கள்?

ஒரு பேச்சுக்கு 'ஆன்லைன் வகுப்பு' என்கிறோம். நடந்தது என்னவென்றால், இன்னொருவருடைய போனை அரை மணி நேரம் இரவல் வாங்குவது. அந்தப் போனில்தான் மேஸ்திரியிடமிருந்து வேலைக்கு அழைப்பு வர வேண்டும், குழுக்கடன் வசூலிப்பவரும் அதில்தான் கூப்பிடுவார், அண்ணனின் ஃப்ரீ ஃபயர் விளையாட்டும் அதில்தான். ஓவியத்துக்கு இடம் ஐந்தாவதோ ஆறாவதோ.

ஆகவே நேரத்தை நாங்கள் வைக்கக் கூடாது, வீடுதான் வைக்க வேண்டும். வெள்ளி இரவு ஏழரைக்குக் குரல் பதிவை அனுப்புவோம். ஞாயிறு இரவுக்குள் எப்போது வரைந்து அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி. ஜூன் மாதத்துக்குப் பிறகு அப்பாக்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் பெரும்பாலான படங்கள் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வந்தன. மங்கலான பல்பு வெளிச்சத்தில், பாயின் கோடுகள் பின்னணியில் தெரிய.

பதிவு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் விதி. ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தால் நால்வரும் சேர்ந்து ஒரு முறை கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வரையும்போது போன் பக்கத்தில் தேவைப்படவே கூடாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக அமையும். 'என்னைப் பார்த்து அப்படியே வரை' என்கிற பாடங்கள் எல்லாம் இதில் அடிபட்டுப் போகும். போனால் போகட்டும்.

வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால் போதுமா?

வேண்டாம். குழுவில் போட்டால் ஒருவர் எண் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு இது ஒரு அம்மா திட்டித்தான் தெரிந்தது: குழுவிலிருந்து எண்ணை எடுத்து யாரோ ஒருவர் இரவு பதினொரு மணிக்கு "ஹாய்" என்று அனுப்பியிருக்கிறார். மறுநாளே குழுவைக் கலைத்துவிட்டு பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறினோம். அதில் செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், யாருக்கும் யாருடைய எண்ணும் தெரியாது. ஒரே சிக்கல், உங்கள் எண்ணை அவர்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிச் சேமிக்க வைக்க வேண்டும். எங்களை "ட்ராயிங் அக்கா" என்று பதிந்துகொண்டார்கள். எங்கள் பலகை ஓவியரும் சில போன்களில் ட்ராயிங் அக்காதான், அவருக்கு மீசை உண்டு.

டேட்டா தீர்ந்துவிடுமே?

ஒரு மணி நேர வீடியோ வகுப்பு அரை ஜிபிக்கு மேல் சுலபமாக விழுங்கும். நாளுக்கு ஒன்றரை ஜிபி உள்ள வீட்டில் மூன்று பிள்ளைகளின் வகுப்பு என்றால் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிமிடக் குரல் பதிவு கால் எம்பி கூட வராது. ரீசார்ஜ் செய்து தரலாமா என்று சிலர் கேட்டார்கள். சில வீடுகளுக்குச் செய்தோம். ஆனால் அந்த டேட்டா எதற்குச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை நமக்குக் கிடையாது.

ஸ்மார்ட்போனே இல்லாத வீடு?

எங்கள் பட்டியலில் அப்படி ஒன்பது வீடுகள் இருந்தன. பட்டன் போன்தான். அவர்களுக்காக 'சொல்லச் சொல்ல வரைவது' என்று ஒன்று கண்டுபிடித்தோம். சாதாரண கான்பரன்ஸ் அழைப்பில் ஐந்து பேரை இணைக்கலாம். ஒரு பிள்ளை ஒரு பொருளை அதன் பெயரைச் சொல்லாமல் வர்ணிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்டு வரைய வேண்டும். "ஒரு வட்டம் போடு. அதுக்கு மேல சின்ன வட்டம். பக்கத்துல ஒரு மூக்கு." குடம் என்று ஒருத்தி, வாத்து என்று ஒருத்தன், கடைசியில் பார்த்தால் அது கெட்டில். சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆகும்.

வெளிப்படையாகச் சொன்னால், மொத்தத் திட்டத்தில் மிக நன்றாக வந்தது இதுதான். ஸ்மார்ட்போன் வைத்திருந்த பிள்ளைகள் கூட "எங்களுக்கும் கால் வகுப்பு வேணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சேர்ந்து சிரிக்கக் கிடைத்த ஒரே நேரம் அது என்பதால் இருக்கலாம்.

வண்ணம், தாள், தூரிகை எதுவும் இல்லையே?

முதலில் நாங்களும் பெட்டி கட்டிக் கொடுத்தோம்: ஒரு ஓவிய நோட்டு, 12 க்ரேயான், பென்சில், அழிப்பான். மளிகைப் பையிலேயே போட்டு அனுப்பினோம். ஏப்ரல் வெயிலில் வண்டிக்குள் இருந்த இரண்டு மணி நேரத்தில் க்ரேயான்கள் உருகி ஒட்டி ஒரே கட்டி. அதைவிடப் பெரிய தப்பு, பெயர் கொடுத்த பிள்ளைக்கு மட்டும் பெட்டி என்று வைத்தது. தம்பி தங்கைகள் சும்மா இருப்பார்களா? ஒரு வீட்டில் நோட்டை நடுவில் கிழித்துப் பங்கு போட்டுவிட்டார்கள். அதன் பிறகு வீட்டுக்கு ஒரு பெட்டி, அதில் எல்லாமே இரண்டு என்று மாற்றினோம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாமல் கொடுக்கும் க்ரேயானும் வண்ணப் பென்சிலும் சில வீடுகளில் பத்திரமாக இருந்தன, தீர்ந்துவிடுமே என்று அம்மாக்கள் பூட்டி வைத்திருந்தார்கள். அதையும் வெளியே எடுக்க வைத்தோம்.

ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு. கடையும் இல்லை, நாங்கள் போகவும் வழியில்லை. அந்த நாட்களில்தான் உண்மையான வண்ணப்பெட்டி அடுக்களையில் இருப்பது தெரிந்தது.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்தால் மஞ்சள். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் ரத்தச் சிவப்பு. ஆரத்தி கரைக்கும் எந்தப் பாட்டிக்கும் இது தெரியும், ஆனால் பேரன் அதைத் தாளில் பார்த்து வாயைப் பிளந்தான். அந்தச் சிவப்பின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் திரும்ப மஞ்சள் ஆகும். செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா, அதன் மேல் எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பு. அவரை இலையும் முருங்கை இலையும் பச்சை. கரிசலாங்கண்ணி கிடைத்தால் அதன் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். டீத்தூள் டிகாக்‌ஷன் பழுப்பு. உடைந்த செங்கல் துண்டு காவி. எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டதால் கரிக்கு எங்கே போவது என்று யோசித்தபோது ஒரு பெண் குழந்தைதான் சொன்னாள்: "கீழ அயர்ன் பண்ற தாத்தாகிட்ட இருக்கு." இஸ்திரிப் பெட்டியில் எரிந்து ஆறிய கரித்துண்டு அருமையாக எழுதும்.

சோறு வடித்த கஞ்சியைக் கலந்தால் வண்ணம் தாளில் பிடிக்கும். மறுநாள் புளித்து நாறும், அன்றன்றைக்குச் செய்து தீர்த்துவிட வேண்டும். வேப்பங்குச்சியின் நுனியை மென்றால் தூரிகை. பூ வண்ணங்களும் மஞ்சளும் வெயிலில் வெளுத்துப்போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாங்கள் சொல்லாமல் விட்டு இரண்டு பேரை அழவைத்தோம். சுண்ணாம்பைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. பெரியவர் ஒருவர் தொட்டு வைக்கட்டும்.

தாளுக்குத் தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்கள், அட்டைப்பெட்டி, பழைய நோட்டின் கடைசிப் பக்கங்கள். அப்புறம் ஒரு புதையல் கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல், மே முகூர்த்தங்களுக்கு அச்சடித்த பத்திரிகைகள் அச்சகங்களில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கல்யாணம் தள்ளிப்போனவர்கள் வாங்க வரவே இல்லை. கெட்டியான அட்டை, பின்பக்கம் வெள்ளை. எங்கள் பிள்ளைகள் வரைந்த பல படங்களின் முதுகில் யாரோ ஒரு சௌபாக்கியவதியின் திருமணம் இருக்கிறது.

எல்லாரும் ஒரே படத்தை வரைகிறார்களே?

தெரியும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், 'வி' போலப் பறவைகள், ஒரு குடிசை, ஒரு தென்னை, வளைந்து போகும் ஆறு. எட்டாவது மாடியில் இருந்துகொண்டு கடலும் சதுப்பு நிலமும் பார்க்கும் பிள்ளையும் மலையைத்தான் வரைகிறது. திட்டாதீர்கள். பள்ளியில் 'நன்று' வாங்கிக் கொடுத்த படம் அது, அவர்களுக்குத் தெம்பு. முதல் வாரம் அதையே வரையட்டும் என்று விட்டோம். இரண்டாம் வாரம், "அந்தக் குடிசைக்குள்ள இப்போ என்ன நடக்குது? கூரையைத் தூக்கிட்டு உள்ளே வரை" என்று கேட்டோம். மலை அதோடு காணாமல் போனது.

ஒரு வகுப்பு எப்படி இருக்கும், ஒரு உதாரணம்?

"உங்கள் வீட்டில் நிறைய வேலை செய்த ஒரு கையைப் பார்த்து வரையுங்கள். மனதில் இருந்து வரையக் கூடாது, பார்த்துத்தான் வரைய வேண்டும். முதலில் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடாமல் பாருங்கள். நகம் எப்படி இருக்கிறது, எந்த விரல் வளைந்திருக்கிறது, தழும்பு எங்கே." குரல் பதிவில் இவ்வளவுதான்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அனுப்பியது காலண்டர் தாளின் பின்புறத்தில் கரியால் வரைந்த ஒரு கை. கட்டை விரல் தப்பான பக்கம் முளைத்திருந்தது. ஆனால் விரல் நுனிகளில் மட்டும் பொடிப் பொடியாகக் கோடுகள், ஒவ்வொரு விரலிலும். என்னடா இது என்று கேட்டேன். "வெடிப்பு மிஸ். சோப்புத் தண்ணில வர்றது. வேலைக்குப் போகாததால இப்போ கொஞ்சம் ஆறியிருக்கு." கை ஏன் பாதி மூடியிருக்கிறது என்றேன். அம்மா தூங்கும்போது வரைந்தானாம், முழித்திருக்கும்போது அந்தக் கை ஒரு இடத்தில் நிற்காது என்றான். கட்டை விரலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அப்படியானால் தப்பைத் திருத்தவே கூடாதா?

பிள்ளை கேட்டால் சொல்லுங்கள். பெரியவர்களாகிய நமக்கு 'சூப்பர்', 'அருமை', கைதட்டும் பொம்மை என்று அனுப்பிவிட்டு நகர்வது வசதி. அதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். "நீங்க எல்லாருக்கும் இதையேதான் அனுப்புறீங்க" என்று ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் பத்து நொடியாவது குரலில் பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டோம், படத்தில் பார்த்த ஒரு பொருளையாவது பெயர் சொல்லி. ஆறு பேருக்கு வாரம் ஐம்பது அறுபது படம் என்பது கை மீறாத அளவு. அதற்கு மேல் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள்.

போட்டி வேண்டாம். ஒரு முறை வைத்தோம், பரிசு வாங்காதவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் எதுவும் அனுப்பவில்லை. அதில் ஒரு பெண் குழந்தை திரும்பவே இல்லை.

குழந்தைகளின் படங்களைச் சமூக வலைத்தளத்தில் போடலாமா?

ஓவியத்தைப் போடலாம், பிள்ளையும் பெற்றோரும் சரி என்றால். பெயரில் முதல் பாதி போதும், தெரு, பள்ளி வேண்டாம். பிள்ளையின் முகத்தைப் போடாதீர்கள். குறிப்பாக, நன்கொடை கேட்பதற்காக அழுக்குச் சுவர் பின்னணியில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படம் வேண்டவே வேண்டாம். இன்னும் சில வருடத்தில் அந்தப் பையன் வேலை தேடுவான், நண்பர்கள் அவன் பெயரைத் தேடிப் பார்ப்பார்கள். உதவ வந்த ஒருவர் பயனாளிகளின் படம் இல்லாமல் பணம் தர முடியாது என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

படத்தில் கஷ்டமான விஷயம் எதுவும் தெரிந்தால்?

முதலில், நீங்களாக ஜோசியம் பார்க்காதீர்கள். ஒரு சிறுவன் மூன்று வாரம் எல்லாவற்றையும் கறுப்பிலேயே வரைந்தான். எங்கள் குழுவில் ஒருவர் மனச்சோர்வு என்று கட்டுரையே எழுதிவிட்டார். விசாரித்தால், மற்ற வண்ணங்களை அக்கா எடுத்து வைத்துக்கொண்டாளாம்.

ஆனால் அடி, பட்டினி, தொடக் கூடாத இடத்தில் தொடுவது என்று பிள்ளை வாயால் ஏதாவது சொன்னால் அது வேறு கதை. தோண்டித் துருவிக் கேட்காமல், சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டு, 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், 24 மணி நேரமும் இலவசம். பாலியல் கொடுமை என்று தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். 'குடும்ப மானம்' பேசித் தடுக்க ஆள் வரும். இன்னொன்று, செய்தி போய்ச் சேர்வது பெற்றோரின் போனுக்கு என்பதை மறக்காதீர்கள். "அப்பா அடிச்சாரா?" என்று எழுத்தில் கேட்டால் அதை முதலில் படிப்பது யாராக இருக்கும்?

பெண் குழந்தைகள் குறைந்துபோனார்களாமே?

ஆமாம். பத்து வயதுக்குக் கீழே வித்தியாசம் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்றைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். சமையல், தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, அதோடு 'வயசுப் பொண்ணு கையில போன் எதுக்கு' என்ற பேச்சு. சிலர் வீட்டில் நேரில் போய்ப் பேசினோம், இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். பாத்திரம் தேய்க்கும்போதே கேட்டு யோசிக்கிற மாதிரி பதிவுகளை மாற்றினோம், கோலப் புள்ளிக் கணக்கை வைத்து சில வாரம் ஓட்டினோம். மற்றவர்களை எங்களால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

கல்வித் தொலைக்காட்சியும் பள்ளி ஆசிரியர்களும் இருந்தார்களே?

இருந்தார்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் அந்த வருடம் பல வீடுகளுக்குப் பள்ளி. அதன் அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யாமல் இருந்தோம். ஓவியத்தைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாவற்றுக்குமாக 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள், அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக. ஐந்தாம் வகுப்பு வரை, வகுப்பு ஆசிரியருக்கு வரையத் தெரிந்தால் உண்டு. அப்படிப்பட்ட ஓர் ஆசிரியை எங்களோடு சேர்ந்துகொண்டார். எந்த வீட்டில் எந்த எண் வேலை செய்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

செலவு?

பெட்டிகளுக்கும் சில ரீசார்ஜுகளுக்கும் ஆனதுதான். ஆறு பேரும் பகிர்ந்துகொண்டோம். நேரம்தான் பெரிய செலவு.

வேறு என்ன சொதப்பல்?

தமிழ் எழுத்துப் பதில்களைப் படிக்கச் சிரமப்பட்ட பெற்றோருக்கும் நீளமாக எழுதி அனுப்பினோம். மங்கலாக வந்த படங்களை 'திரும்ப எடுத்து அனுப்பு' என்று சொல்லிச் சொல்லி ஒரு பையனை விரட்டியே விட்டோம், அவன் போனின் கேமராக் கண்ணாடி விரிசல் என்பது பிறகு தெரிந்தது. 2021 மே மாத இரண்டாம் அலையில் வீடுகளில் சாவு விழுந்தபோதும் ஒரு வாரம் வழக்கம்போல வெள்ளிக்கிழமைப் பதிவை அனுப்பிவிட்டோம், தலைப்பு 'திருவிழா'. அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போதுதான் ஊரடங்கு இல்லையே, இன்னும் நடத்துகிறீர்களா?

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று, ஏறக்குறைய 19 மாதம் கழித்து. வாராந்தர வகுப்பை அந்த வாரமே நிறுத்திவிட்டோம். பிராட்காஸ்ட் பட்டியலை அழிக்கவில்லை. மழை விடுமுறை விட்டால் ஒரு பதிவு போகும், கோடை விடுமுறையில் நான்கைந்து.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர். மின்சாரம் இல்லாததால் போன்கள் அணைந்துவிட்டன, நாங்கள் அனுப்பிய பதிவில் நாள்கணக்கில் ஒற்றை டிக்தான். மின்சாரம் திரும்பிய இரவு முதல் படம் வந்தது. மாடிப்படிக்கட்டு, பக்கவாட்டில் இருந்து பார்ப்பதுபோல. செங்கல் துண்டால் ஒவ்வொரு நாளும் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு கோடு, பக்கத்தில் தேதி. ஐந்தாவது படியில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.